நீலத் தாழிக்கு ஒரு பொய்

ஹிஸ்கியாவுக்குப் பொய் சொல்ல வராது. புகாராவில், எங்கள் யூதர் தெருவில், அதுவும் நீலச் சாயக்காரன் வீட்டில் பிறந்துவிட்டுப் பொய் சொல்ல வராது என்றால், அது தீயைக் கண்டு பயப்படுகிறவன் கொல்லன் பட்டறையில் உட்கார்ந்த கதைதான். முழங்கை வரை நீலம் ஏறிய கைகள், எப்போதும் கொஞ்சம் திறந்திருக்கும் வாய், எதையும் மறைக்கத் தெரியாத முகம். பொய் சொல்ல ஆரம்பித்தாலே காது மடல் சிவந்துவிடும். அதைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே சிலர் அவனிடம் ஏதாவது கேட்பார்கள்.

சாயக்காரனுக்குப் பொய் எதற்கு என்று கேட்பவர்கள் தாழியைப் பார்த்ததில்லை. நீலத் தாழி கழுத்து வரை மண்ணில் புதைந்திருக்கும். இந்துஸ்தானத்திலிருந்து வரும் அவுரிக் கட்டியை அரைத்து, சாம்பல் நீரும் தவிடும் மல்பெரிப் பாகும் சேர்த்து அதில் நொதிக்க விடுவோம். நல்ல நாளில் அதன் மேல் செம்பு மினுமினுப்போடு நீல நுரை கட்டி நிற்கும். அதற்குப் பூ என்று பெயர். பூ இருந்தால் பட்டு நீலத்தைக் குடிக்கும். சில நாள், ஒரு காரணமும் இல்லாமல், பூ விழுந்துவிடும். தண்ணீர் கலங்கலாய் அசைவற்றுக் கிடக்கும். பாகு ஊற்றினாலும் மசியாது, வெந்நீர் ஊற்றினாலும் மசியாது. அப்போது செய்வதற்கு மிஞ்சியது ஒன்றுதான்: தெருவில் ஒரு பொய்யை இறக்கிவிட வேண்டும். அதை நம்புகிறவர்கள் பெருகப் பெருகத் தாழி ஏறும். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். ரொட்டி மாவு பொங்குவதற்கு யாராவது காரணம் கேட்கிறார்களா?

இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டு ஆளைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. தாழிக்கு வீட்டு ஆளைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்பார்கள். அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை.

ஹிஸ்கியா பிழைத்துக் கிடந்தது அவன் மனைவி தோவாவால். அவள் அசகாய சூரி. பூ விழுந்தால் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு பெண்கள் குளிக்கும் இடத்துக்குப் போவாள். கோட்டை மதிலில் நாரை அடைகாத்த முட்டையிலிருந்து ஆமைக்குஞ்சு வந்ததாமே என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுத் திரும்புவாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கக் கழுத்தை வளைத்துக் கோட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இங்கே தாழி பொங்கிக்கொண்டிருக்கும்.

அதே முற்றத்தின் எதிர் அறையில் யாஃபா இருந்தாள். ஹிஸ்கியாவின் தம்பி அம்னூனின் மனைவி. கல்யாணமாகி வீட்டு அடுப்பு பழகுவதற்குள் அம்னூன் ஒரு பட்டு வியாபாரியோடு வடக்கே ருஷ்யச் சந்தைக்குப் போகும் ஒட்டகக் கூட்டத்தில் சேர்ந்து போனான். வியாபாரியும் திரும்பவில்லை, அவனும் திரும்பவில்லை. கணவன் செத்தான் என்று கண்டவன் யாராவது சொல்லாதவரை, எங்கள் சட்டப்படி அவள் மனைவிதான். எத்தனை வருடமானாலும் மனைவிதான். நூல் வியாபாரி இலாவ், மனைவியை இழந்தவன், நல்ல மனிதன், அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது மட்டும் நடையை மெதுவாக்குவான். யாஃபா அந்த நேரத்தில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருப்பாள். தெருவுக்கே தெரியும். யாரும் ஒன்றும் சொன்னதில்லை, ஏனென்றால் சொல்வதற்கு அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. செய்யவும் முடியாது.

அந்த வசந்தத்தில் தோவா மகளின் பிரசவத்துக்குச் சமர்கந்து போயிருந்தாள். அவள் இல்லாத நேரம் பார்த்துத்தான் கட்டுக்காரர் நுஸ்ரத் அந்தப் பாவு நூலைக் கொண்டுவந்தார்.

மேகப்பட்டு என்று ஊரில் சொல்கிறோமே, அதன் உயிர் பாவில்தான் இருக்கிறது. நெய்த பிறகு வரைவதில்லை. நெய்வதற்கு முன்பே, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை நீட்டிக் கட்டி, அதன்மேல் கரிக்குச்சியால் மாதுளையும் தேள்வாலும் வரைந்து, எந்த இடத்தில் எந்த நிறம் ஏறக்கூடாதோ அந்த இடத்தையெல்லாம் பருத்தி நூலால் கட்டுக்காரர்கள் இறுக்கிக் கட்டுவார்கள். மஞ்சளுக்கு ஒருமுறை கட்டு, சிவப்புக்கு ஒருமுறை கட்டு. அந்த இரண்டும் கொதிக்கும் சாயம், தாஜிக்குகள் பார்த்துக்கொள்வார்கள். ஆறின சாயமான நீலம் மட்டும் எங்களுடையது, கடைசியில் வரும். எங்களிடமிருந்து போன பாவு தறியேறி, நெய்து, முட்டை வெள்ளைக்கரு பூசி மரச்சுத்தியால் அடித்துப் பளபளப்பாக்கி, யாரோ ஒரு மணப்பெண்ணின் அங்கியாகும். நீலத்தில் தவறினால் அதற்கு முன்னால் எல்லாரும் செய்த வேலையும் குப்பை. திருத்த வழியே இல்லை.

நுஸ்ரத் பாவைத் தோளிலிருந்து இறக்கியபோது, உடம்பு முழுக்கக் கட்டுப்போட்ட ஒரு ஆளை இறக்குவது போலிருந்தது. குளிர்காலம் முழுக்கக் கட்டிய பாவு அது. பெரிய வீட்டுக் கல்யாணம். ஹிஸ்கியாவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, நீலம் திட்டுத் திட்டாக வந்தால் இனிமேல் இந்தத் தெருப் பக்கமே வரமாட்டேன், ஒரு சாயக்காரனையும் நம்பமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் முறை முக்கி எடுத்தது நன்றாகத்தான் போனது. பாவு பச்சையாய் வெளியே வந்து, காற்றுப் பட்டு, கண்ணெதிரில் நீலமாக மாறியது. இரண்டாவது முக்குக்காக ஹிஸ்கியா திரும்பிப் பார்த்தால் தாழியில் பூ இல்லை. சுத்தமாக விழுந்துவிட்டது. முதல் நீலம் உலர்ந்து இறுகுவதற்குள் இரண்டாவது ஏறாவிட்டால் பாவு இரண்டு நிறமாகிவிடும். ஈரப் பாவின் மேல் ஈரத் துணியைப் போர்த்திவிட்டுக் குளத்துப் பக்கம் ஓடினான்.

குளக்கரையில் தண்ணீர் சுமப்பவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஹிஸ்கியா தொண்டையைச் செருமிக்கொண்டு, மேற்கு வாசலில் ஒரு ஆட்டுக்கு மனிதக் குரல் வந்துவிட்டதாம் என்று ஆரம்பித்தான். அவர்கள் அவன் காதைப் பார்த்தார்கள்.

"என்னண்ணே, தாழி விழுந்துடுச்சா?" என்றான் ஒருவன்.

சிரிப்புச் சத்தத்தில் குளத்து வாத்துகள் எழும்பிப் பறந்தன. ஹிஸ்கியா கெஞ்சாத குறையாக இன்னொரு பொய்யை எடுத்துவிட்டான். அது இன்னும் மோசம். கூனிக் குறுகித் திரும்பும்போது, மரத்தடியில் ஒருவனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், எப்போதும் கேட்கிற கேள்வியை, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். தம்பியைப் பற்றி ஏதாவது சேதி உண்டா?

"வந்துட்டான்," என்றான் ஹிஸ்கியா.

அவனே எதிர்பார்க்கவில்லை. காது சிவக்கவில்லை. குரல் நடுங்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை எத்தனை காலமாகச் சொல்ல ஆசைப்பட்டானோ, அது பொய் மாதிரியே வெளியே வரவில்லை. நாவிதரின் கத்தி நின்றது. பாதிச் சவரத்தில் இருந்தவன் எழுந்து நின்றான். தண்ணீர் சுமப்பவர்கள் தோல்பைகளைப் போட்டுவிட்டு வந்து அவனைக் கட்டிக்கொண்டார்கள். கிண்டல் செய்த அதே ஆட்கள். ஒருவன் அழுதான்.

அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. தாழியில் பூ விளிம்பைத் தாண்டி வழிந்து செங்கல் தரையில் ஓடியிருந்தது. அப்படி ஒரு பூவை அவன் அப்பா காலத்திலும் கண்டதில்லை. தாழிக்குப் பக்கத்தில் யாஃபா நின்றாள், இரண்டு கையிலும் மாவு.

"எங்கே அவரு?"

ஹிஸ்கியா தரையைப் பார்த்தான். "இல்லம்மா. தாழிக்காகச் சொன்னேன். வாய் தவறி வந்துடுச்சு."

யாஃபா கையிலிருந்த மாவை விரல் விரலாக உருட்டி எடுத்தாள்.

"வேற யாருமே கிடைக்கலையா அண்ணே உங்களுக்கு?" என்றாள்.

ஆனாலும் அவள்தான் அந்தப் பாவின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள். தோவா இல்லாதபோது வேறு யார் பிடிப்பார்கள்? முக்கி எடுத்த நீலம் மழைக்கு முந்திய வானம் போல ஆழமாக இருந்தது. நுஸ்ரத் வந்து பார்த்துவிட்டு, விரல் நீட்டியதை மறந்து, ஹிஸ்கியாவின் நீலக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தம்பி எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம், வந்தான், வியாபாரி கூப்பிட்டான் என்று விடியற்காலையிலேயே மறுபடி கிளம்பிவிட்டான் என்று சொல்வதாக இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். பொய்யை நல்லபடியாக அடக்கம் செய்துவிட்டதாக ஹிஸ்கியா நினைத்தான். அங்கேதான் ஏமாந்தான்.

நாலைந்து நாள் கழித்து நாவிதர் அவனை நிறுத்திக் குறைப்பட்டுக்கொண்டார்.

"உன் தம்பிக்கு முகம் வழிச்சு விட்டேன். ஒரு வார்த்தை பேசலையேப்பா. தாடியைப் பிடிச்சாப் பிழிஞ்ச துணி மாதிரி தண்ணி வருது. எங்கே போய் நனைஞ்சான்?"

மனிதர் ஊர் வம்பில் தன் பங்கைச் சேர்க்கிறார் என்று ஹிஸ்கியா சிரித்து வைத்தான். மழை பெய்து மாதமாகியிருந்தது. அப்புறம் ரொட்டிக்காரி சொன்னாள்: அம்னூன் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து குளிர்காய்ந்தான், நின்ற இடத்தில் குட்டையாகத் தண்ணீர் தேங்கியது, ரொட்டி கொடுத்தேன், வாங்கவில்லை. எங்கள் யூதத் தொழுகைக் கூடத்தில் விளக்கேற்றுகிறவர், பின்வரிசையில் அவன் உட்கார்ந்திருந்த கம்பளம் இன்னும் காயவில்லை என்று கொண்டுவந்து வெயிலில் விரித்தார். ஹிஸ்கியா அதைத் தொட்டுப் பார்த்தான். ஈரம். மோந்து பார்த்தான். சேற்று வாடை, எங்கள் குளத்துச் சேறு இல்லை.

ஒருவரைப் பார்த்து ஒருவர் கயிறு திரிக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. நாவிதரும் ரொட்டிக்காரியும் ஒரு சுவர்த் தகராறில் முகம் பார்த்துப் பேசியே வருடக்கணக்காகிறது. தம்பி நனைந்திருந்தான் என்று ஹிஸ்கியா யாருக்கும் சொல்லவில்லை. அவனுக்கே தோன்றாத விஷயம் அது. அந்தக் கோடை முழுக்க முற்றத்து வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவன் கால் தானாகத் தரையைத் தடவும், ஈரம் இருக்கிறதா என்று. தோவா திரும்பி வந்து, நடந்ததைக் கேட்டு, தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் ஊரையே ஏய்த்த அவளுக்கு அன்று ஒரு பொய்யும் தோன்றவில்லை. அன்றிலிருந்து நாரையைப் பற்றிக்கூட அவள் வாய் திறந்ததில்லை.

இலையுதிர் காலத்தில் வடக்கேயிருந்து ஒரு ஒட்டகக்காரன் வந்தான். யாரும் கூப்பிடாமல், யாரும் எதுவும் கேட்காமல், தானாகவே தெருமுனையில் நின்று, இடுப்பில் கயிறு கட்டும் யூதன், அம்னூன் என்று ஒருவன், அவன் வீடு எது என்று விசாரித்தான். பட்டுக் கச்சை கட்ட அமீர் எங்களை விடுவதில்லை, கயிறுதான் கட்டுவோம். அந்தக் கயிற்றைக் கொண்டுவந்திருந்தான். சிர் ஆற்றில் படகு கவிழ்ந்தது என்றான். பனி உருகி வெள்ளம் போகிற நேரம், போன வருடத்துக்கு முந்தின வருடம். ஆளை மறுநாள் சேற்றிலிருந்து எடுத்து, தன் கையாலேயே கரையில் குழி தோண்டிப் புதைத்ததாகச் சொன்னான். வியாபாரியை ஆறு கொடுக்கவே இல்லையாம்.

யாஃபா கயிற்றை வாங்கிக்கொண்டாள். அழுது முடித்துவிட்டு, முகத்தைக் கழுவி, தோவாவை அழைத்துக்கொண்டு முல்லா பின்ஹாஸிடம் போனாள். எங்கள் தெருவில் வேதம் படித்துச் சட்டம் சொல்கிறவரையும் முல்லா என்றுதான் அழைப்போம். ஒட்டகக்காரன் வேறு மதத்தான் ஆனாலும், கேட்காமல் தானாகச் சொன்ன வார்த்தை செல்லும் என்றார் முல்லா. இலாவ் அன்று நடையை மெதுவாக்கவில்லை. வாசலிலேயே நின்றான். அவனை யாரும் கிண்டல் செய்யவில்லை.

மறுநாள் தொழுகைக் கூடத்தில் முல்லா அதை எல்லார் முன்னிலும் அறிவிக்க எழுந்தார். நாவிதர் யூதர் இல்லை, ஆனாலும் சேதி கேள்விப்பட்டு வாசலில் வந்து நின்றார். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி செத்தவனுக்கு இந்த வருஷம் நான் எப்படிய்யா முகம் வழிச்சேன்?"

ரொட்டிக்காரியின் புருஷன் எழுந்தான். விளக்கேற்றுகிறவர் எழுந்தார். பார்த்தவர்கள் ஒவ்வொருவராக எழ எழ, முல்லாவின் முகம் வாடியது. வசந்தத்தில் பாதித் தெரு உயிரோடு பார்த்த ஆளை அதற்கு முன்பே செத்தான் என்று நான் எப்படித் தீர்ப்புச் சொல்வேன் என்று கையை விரித்தார். பெண்கள் பக்கத்தில் யாஃபா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது ஹிஸ்கியா நடுக்கூடத்துக்கு வந்தான். எல்லாவற்றையும் சொன்னான். பாவு, விழுந்த பூ, குளக்கரை, தன் வாயிலிருந்து வந்த வார்த்தை. தம்பி வரவே இல்லை, வாசலை மிதிக்கவே இல்லை, அது தாழிக்குச் சொன்ன பொய், அவளை விட்டுவிடுங்கள் என்று முல்லாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள், "உன் தாழி இன்னிக்கு எப்படி இருக்கு ஹிஸ்கியா?"

பொய் சொல்ல வராதவன் என்ன சொல்வான்? விழுந்துதான் கிடக்கிறது, கொஞ்ச நாளாகவே ஏறவில்லை என்றான்.

கூடம் சிரித்தது. தலைகுனிந்து நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். இந்த மனிதன் கடைசியில் ஒரு நல்ல பொய் சொல்லக் கற்றுக்கொண்டான் என்றார்கள். செத்தவனை வைத்து, அதுவும் தொழுகைக் கூடத்தில். முல்லா மட்டும் சிரிக்கவில்லை. அவர் அப்பாவும் சாயக்காரர்.

"எழுந்திரு," என்றார். "நிஜத்துக்குத் தாழி மசியாது. நீ இப்பச் சொன்னது நிஜம்னா, காலையில விட்டுட்டு வந்த மாதிரியே அது கிடக்கும். வா, போய்ப் பார்க்கலாம். விழுந்து கிடந்தா, இந்தப் பொண்ணு இன்னிக்கே விடுதலை."

ஹிஸ்கியா முகம் தெளிந்தது. காலையில்தான் அவன் பார்த்தான், செத்த தண்ணீர். தோவாவும் பார்த்தாள். இலாவ் எல்லாருக்கும் முன்னால் நடந்தான். தெருவே பின்னால் வந்தது. முற்றத்துக் கதவை ஹிஸ்கியா தள்ளினான், ஏதோ தடுத்தது. பலமாகத் தள்ளினான்.

கதவுக்கு அடியில் நீலம் ஓடிக்கொண்டிருந்தது. தாழியில் பூ முழங்கால் உயரத்துக்கு எழும்பி, மெல்ல மெல்ல மூச்சு விடுவதைப் போல ஏறி இறங்கியது. முற்றம் முழுக்க நுரை. ஹிஸ்கியாவின் வார்த்தையை அந்தக் கூடத்தில் நம்பியவர்கள் இரண்டே பேர், யாஃபாவும் இலாவும். அந்த இரண்டு பேர் நம்பியதே அதற்குப் போதுமாயிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. முல்லா பின்ஹாஸ் மேலங்கி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். தீர்ப்பை அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது, செருப்பில் நீலத்தோடு. இலாவ் கடைசியாகப் போனான். அடுத்த வருடம் அவன் தாஷ்கந்துக்குக் குடிபெயர்ந்துவிட்டான். ஹிஸ்கியா அதன் பிறகும் வெகுகாலம் இருந்தான், சாயம் போட்டான், நல்ல நீலம் என்று பெயரும் வாங்கினான். ஆனால் வேண்டியதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டான். நலமா என்று கேட்டால்கூட யோசித்துத்தான் பதில் சொல்வான். எது பொய் எது நிஜம் என்பது தனக்குத் தெரியும் என்ற நம்பிக்கை அவனுக்குப் போய்விட்டது. பாவம், அவனிடம் இருந்த ஒரே சொத்து அதுதான்.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு, முற்றத்தில் அவனும் தோவாவும் யாஃபாவும் மட்டும் நின்றார்கள். ஹிஸ்கியா தன் நீலக் கையால் முகத்தை மூடிக்கொண்டு, என்னை மன்னித்துவிடு, உன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். யாஃபா அவனைக் கவனிக்கவில்லை. தாழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. வேறு ஏதோ ஒன்றைக் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவரு வந்துதான் இருக்காரு," என்றாள் மெதுவாக. "முகம் வழிச்சுக்கப் போயிருக்காரு. அடுப்புல குளிர்காயப் போயிருக்காரு. தொழுகைக்குப் போயிருக்காரு."

ஹிஸ்கியா கையை எடுத்து அவளைப் பார்த்தான்.

"ஊருல எல்லார்கிட்டயும் போயிருக்காரு அண்ணே. எங்கிட்ட மட்டும் வரலை."